வீடே சொன்னபடி கேட்கிறது, டிஸ்க் பிளேயர் மட்டும் ஏன் கேட்பதில்லை?

விளக்கைப் போடச் சொன்னால் போடுகிறது. குளிர்சாதனத்தை 25 டிகிரிக்கு வைக்கச் சொன்னால் வைக்கிறது. வாசலில் யார் நிற்கிறார்கள் என்பதை அலுவலகத்தில் இருந்தபடியே பார்த்துவிடலாம். அண்மையில் சாவி வாங்கிய வீவக வீடுகளில் இதெல்லாம் அதிசயமே இல்லை. ஆனால், அதே வீட்டில் தாத்தா ஒரு பழைய படத்தை டிஸ்க்கில் பார்க்க ஆசைப்பட்டால் கதையே வேறு. தொலைக்காட்சிக்கு ஒரு ரிமோட், சவுண்ட்பாருக்கு ஒன்று, பிளேயருக்கு ஒன்று. மூன்றில் ஒன்று சோஃபா இடுக்கில் கிடக்கும். இன்னொன்றில் பேட்டரி தீர்ந்திருக்கும். “எச்டிஎம்ஐ ரெண்டுக்கு மாத்துங்க தாத்தா” என்று பேரன் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் வழிகாட்ட வேண்டும்.

வானொலியில் தொழில்நுட்பம் பேசும் நாள்களில் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துவிடும். “வீடு முழுக்க ஸ்மார்ட்டா பண்ணிட்டோம். இந்த பிளேயரை மட்டும் எப்படிச் சேர்க்கிறது?” கேட்பவர்கள் பெரும்பாலும் முப்பதுகளில் இருப்பவர்கள். டிஸ்க் அவர்களுடையது அல்ல, அப்பா அம்மாவுடையது.

“இன்னுமா டிஸ்க்?” என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்ட்ரீமிங்கில் இன்று இருக்கும் படம் உரிமம் முடிந்தால் அடுத்த மாதம் காணாமல் போகலாம். ஐம்பதுகள், அறுபதுகளின் படங்கள் பலவும் அங்கு வருவதே இல்லை. அதைவிட முக்கியம், எந்தத் தளத்திலும் என்றைக்குமே வராத டிஸ்க் ஒன்று நம் வீடுகளில் இருக்கிறது: பெற்றோரின் திருமண வீடியோ, பாட்டியின் அறுபதாம் கல்யாணம், ஊரில் நடந்த காதுகுத்து. அவற்றையெல்லாம் ஓட்டும் ஒரே பெட்டி இந்த பிளேயர்தான்.

அந்தப் பெட்டியைச் செய்பவர்களோ குறைந்துகொண்டே வருகிறார்கள். வீட்டுத் திரையரங்கு வைத்திருப்போரின் செல்லப் பிள்ளையாக இருந்த ஓப்போ டிஜிட்டல், 2018ல் புதிய பிளேயர்கள் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. 2019ல் சாம்சுங், அமெரிக்கச் சந்தைக்குப் புதிய மாடல்கள் இல்லை என்றது. 2024 இறுதியில் எல்ஜியும் ஒதுங்கியது. 2025 பிப்ரவரியில், பதிவு செய்யக்கூடிய புளூ-ரே வட்டுகளின் தயாரிப்பை சோனி முடித்துக்கொண்டது. பானசோனிக், சோனி என்று சில பெயர்களே கடைகளில் மிச்சம். அடுத்த பத்து ஆண்டுக்கு வீட்டில் இருக்கப்போகும் பிளேயரை இப்போது வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், படத் துல்லியத்தை மட்டும் பார்த்துவிட்டு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட முடியாது.

பிளேயருக்கு எத்தனை காது?

கடையில் ‘ஸ்மார்ட் பிளேயர்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தச் சொல்லுக்குப் பெரும்பாலும் ‘நெட்ஃபிலிக்ஸ், யூடியூப் உள்ளே இருக்கிறது’ என்பதுதான் பொருள். உங்கள் வீட்டின் தானியக்க அமைப்பு சொல்வதை அது கேட்குமா என்பது வேறு கேள்வி. வெளியிலிருந்து வரும் கட்டளையை ஒரு பிளேயர் நான்கு வழிகளில் கேட்கலாம். ரிமோட்டின் அகச்சிவப்புக் கதிர், எச்டிஎம்ஐ கம்பி வழியே ஓடும் சிஇசி, வீட்டு இணையம், ஆர்எஸ்-232 என்ற பழைய காலத்துத் தொடர் இணைப்பு. எல்லாப் பிளேயருக்கும் நான்கும் இருக்காது. விலை குறைந்தவற்றுக்கு முதல் இரண்டுதான்.

அகச்சிவப்பிலிருந்து தொடங்குவோம். இதை மட்டமாக நினைப்பவர்கள் அதிகம், ஆனால் நம் வீடுகளில் பாதிக்கு மேல் வேலையை இதுதான் செய்து முடிக்கும். பிராட்லிங்க், சுவிட்ச்பாட், அகாரா போன்ற நிறுவனங்களின் சிறிய அகச்சிவப்புக் கருவிகள் சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கின்றன. உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கருவி, உங்கள் ரிமோட் அனுப்பும் குறியீட்டைக் கற்றுக்கொண்டு, கைபேசியோ ஸ்பீக்கரோ சொல்லும்போது அதையே திருப்பி அனுப்பும். பிளேயரைப் பொறுத்தவரை யாரோ ரிமோட்டை அழுத்துகிறார்கள், அவ்வளவுதான். இருபது ஆண்டுப் பழைய டிவிடி பிளேயரைக்கூட இப்படி ‘ஸ்மார்ட்’ ஆக்கிவிடலாம். புதிது வாங்கத் தேவையே இல்லாத வீடுகளும் உண்டு.

சிக்கல் பவர் பொத்தானில் இருக்கிறது. பெரும்பாலான ரிமோட்டுகளில் ‘ஆன்’ செய்யவும் ‘ஆஃப்’ செய்யவும் ஒரே பொத்தான். கையால் அழுத்தும்போது நம் கண் பார்க்கிறது, பிளேயர் ஏற்கெனவே ஓடினால் அழுத்தமாட்டோம். தானியக்க அமைப்புக்குக் கண் இல்லை. ‘படம் பார்க்கும் நேரம்’ என்று நீங்கள் சொன்னதும் விளக்கைக் குறைத்து, தொலைக்காட்சியைப் போட்டு, பிளேயருக்கு அந்தப் பவர் குறியீட்டை அனுப்பும். பிளேயர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அணைந்துவிடும். இதனால்தான் பலர், “ஒரு நாள் வேலை செய்யுது, ஒரு நாள் செய்ய மாட்டேங்குது” என்று சலித்துக்கொண்டு எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுகிறார்கள்.

இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. சில நிறுவனங்களின் பிளேயர்கள், ‘ஆன்’ என்பதற்கு ஒன்று, ‘ஆஃப்’ என்பதற்கு வேறொன்று என்று இரண்டு தனிக் குறியீடுகளை ஏற்கும். ரிமோட்டில் அதற்கான பொத்தான் இருக்காது, ஆனால் வீட்டுத் திரையரங்கு அமைப்பவர்கள் பயன்படுத்தும் குறியீட்டுப் பட்டியல்களில் இருக்கும். வாங்கும் முன்பே அந்த மாடலுக்குத் தனிக் குறியீடு உண்டா என்று தேடிப் பார்த்துவிடுவது நல்லது. இரண்டாவது, செலவே இல்லாதது: பிளேயர் அணைந்திருக்கும்போது ரிமோட்டில் ‘பிளே’ பொத்தானை அழுத்திப் பாருங்கள். பல பிளேயர்கள் அதிலேயே விழித்துக்கொள்ளும். ஏற்கெனவே விழித்திருந்தால் படம் ஓடும், அணையாது. அப்படியானால் பவருக்குப் பதில் ‘பிளே’ குறியீட்டை அனுப்பச் சொன்னால் போதும். மூன்றாவது, மின்பயன்பாட்டை அளக்கும் ஸ்மார்ட் பிளக். பிளேயர் தூங்கும்போது இழுக்கும் மின்சாரமும் ஓடும்போது இழுப்பதும் நன்றாகவே வேறுபடும். அந்த எண்ணைப் பார்த்து ‘இப்போது ஓடுகிறது’ என்று அமைப்பே தெரிந்துகொள்ளும்.

ஸ்மார்ட் பிளக் என்றதும் ஓர் எச்சரிக்கை. பிளக்கை வைத்தே பிளேயரைப் போட்டு அணைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். இன்றைய பிளேயர்கள் பலவற்றுக்கு மின்சாரம் மீண்டும் வந்தாலும் தூக்க நிலையில்தான் நிற்கும், தானாக விழிக்காது. மென்பொருள் புதுப்பிப்பு நடந்துகொண்டிருக்கும்போது பிளக் அணைத்துவிட்டால் பிளேயரே செயலிழந்து போகலாம். பிளக் அளக்க மட்டும் இருக்கட்டும்.

காலை ஆறு மணிக்கு விழித்துக்கொள்ளும் தொலைக்காட்சி

இரண்டாவது காது சிஇசி. பெயரைக் கேட்டிருக்கமாட்டீர்கள். காரணம், ஒவ்வொரு நிறுவனமும் அதற்குத் தன் பெயரைச் சூட்டிவிட்டது. சாம்சுங்கில் எனிநெட் பிளஸ், சோனியில் பிராவியா சிங்க், எல்ஜியில் சிம்ப்லிங்க், பானசோனிக்கில் வியரா லிங்க், பிலிப்சில் ஈசிலிங்க். எல்லாம் ஒன்றுதான். எச்டிஎம்ஐ கம்பிக்குள் இதற்கென ஒரு தனி இழை இருக்கிறது. தொலைக்காட்சி, சவுண்ட்பார், பிளேயர் மூன்றும் அதன் வழியே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். பிளேயரில் டிஸ்க்கைப் போட்டதும் தொலைக்காட்சி தானே விழித்து, சரியான இடத்துக்குத் தானே மாறிக்கொள்ளும். தொலைக்காட்சியை அணைத்தால் பிளேயரும் அணையும். ‘எச்டிஎம்ஐ ரெண்டுக்கு மாத்துங்க தாத்தா’ பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. இதற்கு ஸ்மார்ட் ஹப், செயலி, சந்தா எதுவும் வேண்டாம். அமைப்புகள் பட்டியலில் இரண்டு பக்கமும் இதைத் திறந்துவிட வேண்டும், அவ்வளவே. முதியோர் மட்டும் இருக்கும் வீடாக இருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பேன்.

ஆனால், சிஇசிக்கு ஒரு விளையாட்டுத்தனம் உண்டு. நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை காலையில் சுப்ரபாதமோ கந்த சஷ்டி கவசமோ ஒலிக்க வேண்டும் என்பது பலருக்கும் ஆசை. பிளேயரில் சிடி இருக்கிறது, தானியக்க அமைப்பு இருக்கிறது, ஆறு மணிக்குத் தானாக ஒலிக்க வைப்பது எளிது. எளிதுதான், ஆனால் பிளேயர் விழித்ததும் சிஇசி வழியே தொலைக்காட்சியையும் எழுப்பிவிடும். சாமி பாட்டோடு 65 அங்குலத் திரையும் இருட்டில் பளீரென்று எரியும். அணைக்கலாம் என்று தொலைக்காட்சியை அணைத்தால் பிளேயரும் சேர்ந்து அணைந்து, பாட்டும் நின்றுவிடும்.

இதைத் தவிர்க்க வாங்கும்போதே ஒன்றைக் கவனிக்கலாம். சில பிளேயர்களில் சிஇசி முழுவதையும் மூடாமல், ‘தொலைக்காட்சியைத் தானாக எழுப்பு’ என்ற ஒரு பகுதியை மட்டும் மூட முடியும். சிலவற்றில் ஒன்று எல்லாம், இல்லையேல் எதுவும் இல்லை. பிளேயரில் இல்லாவிட்டால் தொலைக்காட்சியின் அமைப்பில் அது இருக்கலாம். பின்புறம் இன்னொன்றையும் பாருங்கள். பானசோனிக் யுபி820 போன்ற சில மாடல்களில் இரண்டு எச்டிஎம்ஐ வாய்கள் இருக்கும், படத்துக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று. ஒலிக்கான ஆப்டிக்கல் வாய் இருந்தாலும் போதும். ஒலியை நேரே சவுண்ட்பாருக்கோ ஆம்ப்ளிஃபையருக்கோ அனுப்பிவிட்டால் பாட்டுக் கேட்கத் தொலைக்காட்சியின் தயவு தேவையில்லை. ஒலி சார்ந்த தொழிலில் இருப்பதால் சொல்லவில்லை, சாமி பாட்டைத் தொலைக்காட்சியின் முதுகிலிருக்கும் சின்ன ஸ்பீக்கரில் கேட்பது எனக்கு என்றுமே உவப்பாக இருந்ததில்லை.

சிஇசியில் இன்னொரு தொல்லை, எல்லாரும் ஒரே இழையில் பேசுவது. கேபிள் பெட்டி, ஸ்ட்ரீமிங் குச்சி, விளையாட்டுப் பெட்டி, பிளேயர் எல்லாம் சேரும்போது யார் யாரை எழுப்பினார்கள் என்றே தெரியாமல் போகும். சந்தேகம் வந்தால், தேவையில்லாதவற்றின் சிஇசியை ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு பெட்டிதான் கலகக்காரன்.

பதில் சொல்லும் பிளேயர்

அகச்சிவப்புக் கருவி பேசும், கேட்காது. ‘பிளே’ என்று அனுப்பிவிட்டு, பிளேயர் உண்மையில் ஓடுகிறதா என்று அதற்குத் தெரியாது. இணையம் வழியாகவோ ஆர்எஸ்-232 வழியாகவோ இணையும் பிளேயர் பதிலும் சொல்லும். ‘ஓடுகிறேன்’, ‘நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறேன்’, ‘தட்டு திறந்திருக்கிறது’. இந்தப் பதில் இருந்தால்தான் பலரும் ஆசைப்படும் அந்த வேலை சரியாக நடக்கும்: படத்தை நிறுத்தினால் விளக்கு மெல்ல எரிய வேண்டும், மீண்டும் ஓட்டினால் மங்க வேண்டும்.

இந்த வசதிதான் பிளேயர் வாங்குவதில் மிகவும் குழப்பமான பகுதி. பின்புறம் லேன் வாய் இருக்கிறது என்பதற்காக அந்த பிளேயர் வீட்டு அமைப்பின் பேச்சைக் கேட்கும் என்று பொருளில்லை. மென்பொருளைப் புதுப்பிக்கவும் ஸ்ட்ரீமிங்குக்கும் மட்டுமே அதைப் பயன்படுத்தும் பிளேயர்கள் ஏராளம். கேட்க வேண்டிய கேள்வி, “இணையம் இருக்கிறதா?” அல்ல, “நான் பயன்படுத்தும் அமைப்பில் இந்த மாடலின் பெயர் பட்டியலில் இருக்கிறதா?” என்பது. ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச, திறந்த மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு அதன் ஆவணங்களிலேயே எந்தெந்தக் கருவிகளை இணைக்கலாம் என்ற பட்டியல் இருக்கிறது. கன்ட்ரோல்4 போன்ற விலை உயர்ந்த அமைப்பை நிறுவனத்தாரிடம் சொல்லிப் போடுபவர்கள், பிளேயரை வாங்கும் முன்பே அந்த மாடலின் எண்ணைச் சொல்லி, இணைப்புக்கான மென்பொருள் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். மாடல் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் வேறு கருவி.

இணையம் வழியே எழுப்ப வேண்டும் என்றால், அமைப்பில் ‘விரைவுத் தொடக்கம்’ அல்லது ‘தொலைத் தொடக்கம்’ என்பதைத் திறந்து வைக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது பெரும்பாலும் மூடித்தான் இருக்கும், தூங்கும்போது மின்சாரம் மிச்சமாகட்டும் என்பதற்காக. திறந்தால் கட்டணம் கொஞ்சம் கூடும். அது கட்டுப்படியாகாது என்று நினைப்பவர்கள் எழுப்புவதற்கு மட்டும் அகச்சிவப்பையும் மற்றதற்கு இணையத்தையும் பயன்படுத்தலாம்.

ஆர்எஸ்-232 பற்றி நீட்ட வேண்டாம். திருகாணி வைத்த ஒன்பது ஊசி வாய், பார்த்தால் அலுவலகத்துப் பழைய கணினி நினைவுக்கு வரும். ஆனால், அதைவிட நம்பகமான இணைப்பு இல்லை. வைஃபை படுத்தாலும் அது படுக்காது. உயர் விலைப் பிளேயர்களில் மட்டுமே இருக்கும். ஓப்போ யுடிபி-203ல் அது இருந்தது. அதனால்தான் நிறுவனம் கடையை மூடி இத்தனை ஆண்டுகள் ஆகியும் பழைய பொருள் சந்தையில் அந்த பிளேயருக்கு மவுசு குறையவில்லை. கரோசெல்லில் அப்படி ஒன்று கண்ணில் பட்டால், விற்பவர் வீட்டுக்கே போய், ஒரு படத்தை முக்கால் மணி நேரமாவது ஓட்டிப் பார்த்துத்தான் பணம் கொடுக்க வேண்டும். லேசர் தேய்ந்திருந்தால் முதல் பத்து நிமிடத்தில் தெரியாது, டிஸ்க்கின் வெளிவிளிம்பை நெருங்கும்போதுதான் திக்கும்.

யாருடைய மேகம்?

இங்கே என் தனிப்பட்ட பிடிவாதம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கருவிகளில் ஒன்று வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும், இன்னொன்று வெளிநாட்டுச் சேவையகம் வழியாகத்தான் பேசும் என்றால், விலை கூடினாலும் முதலாவதையே எடுப்பேன். நிறுவனம் சேவையகத்தை மூடினால் சுவரில் ஒட்டிய கருவி வெறும் பிளாஸ்டிக். லாஜிடெக் ஹார்மனி என்ற ரிமோட் வரிசை இந்தத் துறையின் ராஜாவாக இருந்தது. 2021ல் அதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. பழையவற்றுக்கு ஆதரவு தொடரும் என்று சொன்னார்கள்தான், ஆனால் ராஜாவுக்கே அந்த நிலை. 2022 அக்டோபரில் வெளியான ‘மேட்டர்’ என்ற பொதுத் தரம், எல்லா நிறுவனங்களின் கருவிகளும் ஒரே மொழி பேச வேண்டும் என்ற நோக்கத்தோடு வந்தது. விளக்கு, பூட்டு, உணர்கருவி வாங்குவோர் அந்த முத்திரையைத் தேடலாம். டிஸ்க் பிளேயரில் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

கன்சோல் கதவும் கான்கிரீட் சுவரும்

அகச்சிவப்பு என்பது ஒளி. மரக் கதவைத் தாண்டாது. புதுவீட்டுப் புதுப்பிப்பில் நாம் செய்யும் முதல் வேலையே தொலைக்காட்சிக்குக் கீழே அழகான, கதவு வைத்த கன்சோல் அடிப்பதும், கம்பியும் பெட்டியும் கண்ணில் படாமல் அதற்குள் மறைப்பதும்தான். பிறகு எந்தக் கருவி வாங்கினாலும் பிளேயருக்குக் கேட்காது. குத்தகையாளரிடம் வரைபடம் பேசும்போதே இதைச் சொல்லிவிட்டால் செலவில்லை. கதவுக்கு மரத்துக்குப் பதில் இருண்ட கண்ணாடி அல்லது அடர்ந்த பலகைச் சட்டம் வைக்கலாம். இல்லையென்றால், மூன்றடிக் கம்பியின் நுனியில் பட்டாணி அளவு இருக்கும் அகச்சிவப்பு உமிழியைப் பிளேயரின் முகத்தில் ஒட்டலாம். காற்றுப் போக இடம் விடச் சொல்லவும் மறக்க வேண்டாம். மூடிய பெட்டிக்குள் 4கே பிளேயர் நன்றாகவே சூடாகும், நம் ஊர் வெக்கைக்கு அது கூடுதல் சுமை.

வைஃபைக்கும் ஒரு பிரச்சினை உண்டு. வீவக வீடுகளில் பலர் இணைய ரூட்டரை வீட்டுப் பாதுகாப்பு அறைக்குள்ளேயோ அதன் சுவரை ஒட்டியோ வைத்திருப்பார்கள். குண்டுவெடிப்பைத் தாங்குவதற்காகக் கட்டிய கான்கிரீட் சுவர் அது, வைஃபையை விட்டுவைக்குமா? மேலும், அகச்சிவப்புக் கருவிகள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இணையும். வேகம் வேண்டும் என்று 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் திறந்து வைத்திருந்தால் அந்தக் கருவி ‘நெட்வொர்க் இல்லை’ என்று முரண்டு பிடிக்கும். கருவியைக் குறைசொல்லித் திருப்பிக் கொடுப்பதற்கு முன் ரூட்டரைப் பாருங்கள்.

அலமாரியில் என்ன இருக்கிறது?

பிளேயரைத் தேர்ந்தெடுக்கும் முன் அப்பாவின் அலமாரியைத் திறந்து பார்த்துவிட வேண்டும். தொண்ணூறுகளில் சிங்கப்பூரும் மலேசியாவும் விசிடியின் சாம்ராஜ்யம். ஒரு விசிடியில் ஏறத்தாழ 74 நிமிடம்தான் அடங்கும் என்பதால் தமிழ்ப் படம் ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று வட்டுகளாக வரும். உச்சக்கட்டத்தில் எழுந்து போய் வட்டு மாற்றிய தலைமுறை நாம். அந்த விசிடிகளை இன்றைய 4கே பிளேயர்கள் எல்லாமே ஏற்கும் என்று எண்ண வேண்டாம். பெட்டியின் பக்கவாட்டில் ‘ஓட்டக்கூடிய வட்டுகள்’ பட்டியல் இருக்கும், அதில் விசிடி என்ற சொல் இல்லையென்றால் இல்லைதான்.

அடுத்தது வட்டாரக் குறியீடு. டிவிடியில் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் எண் 3, இந்தியாவுக்கு 5. புளூ-ரேயில் நமக்கு ‘ஏ’, இந்தியாவுக்கு ‘சி’. ஊரிலிருந்து வந்த டிஸ்க் இங்கே வாங்கிய பிளேயரில் மறுத்தால் காரணம் இதுதான். ஆறுதல் என்னவென்றால், தமிழ்ப் பட டிவிடிகள் பலவும் எல்லா வட்டாரத்துக்கும் பொதுவாகவே வந்தன, அட்டையின் பின்புறம் ‘ஆல்’ அல்லது 0 என்று போட்டிருக்கும். 4கே புளூ-ரேக்கு வட்டாரப் பூட்டே கிடையாது. இணையத்தில் மலிவாக இருக்கிறது என்று அமெரிக்க மாடலை வரவழைப்பவர்கள் இரண்டு விஷயங்களில் மாட்டிக்கொள்ளலாம். அங்குள்ள மின்னழுத்தம் வேறு, நமக்கு 230 வோல்ட். நம் ஊரில் பதிவான பால் முறை டிவிடிகளை அங்கு விற்கும் பிளேயர்கள் பல ஓட்டாது. உங்கள் அக்காவின் திருமண வீடியோ பால் முறையில்தான் இருக்கும்.

விளையாட்டுப் பெட்டியே போதாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். டிஸ்க் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5, 4கே புளூ-ரேயை ஓட்டும், ஆனால் அதற்கு அகச்சிவப்புக் காது கிடையாது, சிடியும் ஓட்டாது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸுக்கு அகச்சிவப்புக் காது உண்டு. படம் எப்போதாவது பார்க்கும் வீட்டுக்கு இவை போதும். ஆனால், மகன் விளையாட்டின் நடுவில் இருக்கும்போது தாத்தா படம் கேட்டால் பஞ்சாயத்துக்கு நான் வரமாட்டேன்.

ஒரு பொத்தான்

இவ்வளவும் சரியாக அமைந்தாலும், கைபேசிச் செயலியில் மட்டுமே எல்லாம் இருக்கிறது என்றால் அந்த வீடு பாதிப் பேருக்குத்தான் ஸ்மார்ட். செயலி வைத்திருக்கும் மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால், பகல் முழுக்க வீட்டில் இருக்கும் மூத்தோருக்கு எதுவும் கையில் இல்லை. தோழி ஒருத்தியின் மாமியார் என்னிடம் மெதுவாகச் சொன்னது இது: “முன்னாடி எல்லாம் நானே போட்டுப் பார்ப்பேம்மா. இப்ப வீடு ரொம்ப படிச்சிடுச்சு, நான்தான் பின்தங்கிட்டேன்.” ஸ்பீக்கரிடம் ஆங்கிலத்தில் பேச அவருக்குக் கூச்சம். பேசினாலும் அவர் சொல்லும் உச்சரிப்பு அதற்குப் புரிவதில்லை.

அந்த வீட்டில் இப்போது சோஃபாவின் கைப்பிடியில் ஒரு சிறிய கம்பியில்லாப் பொத்தான் ஒட்டியிருக்கிறது. தீப்பெட்டியைவிடச் சிறியது, நாணய வடிவப் பேட்டரியில் ஓடுவது. அகாரா, ஐக்கியா போன்றவை இத்தகைய பொத்தான்களை விற்கின்றன, வாங்கும் முன் உங்கள் ஹப்போடு சேருமா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஒருமுறை அழுத்தினால் தொலைக்காட்சியும் பிளேயரும் விழித்துக்கொள்ளும், திரைச்சீலை மூடும். இரண்டு முறை அழுத்தினால் படம் நிற்கும், விளக்கு எரியும். அழுத்திப் பிடித்தால் எல்லாம் அணையும். அவர்களுடைய பிளேயர் பதில் சொல்லும் வகை அல்ல, வெறும் அகச்சிவப்புதான். ஆனால், படத்தை நிறுத்துவதும் விளக்கைப் போடுவதும் ஒரே பொத்தானிலிருந்து கிளம்புவதால் பதில் தேவைப்படவில்லை. ‘படம்’ என்று தமிழில் எழுதி மேலே ஒட்டியது பேத்தி. இரண்டு முறை அழுத்துவதை மாமியார் இரண்டே நாளில் பழகிவிட்டார், நடுவில் காப்பி போட எழுந்து போக அதுதான் வசதியாம். டிஸ்க்கைத் தட்டில் வைப்பது மட்டும் இன்னும் கையால்தான், அதை எந்த ஹப்பும் செய்யாது.

கடைக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். பையில் மூன்று வட்டுகள் இருக்கட்டும்: வீட்டிலேயே பழைய விசிடி ஒன்று, ஊரில் வாங்கிய டிவிடி ஒன்று, குடும்ப நிகழ்ச்சியின் பதிவு ஒன்று. மூன்றையும் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். பிறகு பிளேயரை அணைத்துவிட்டு ரிமோட்டில் ‘பிளே’யை மட்டும் அழுத்துங்கள், விழிக்கிறதா பாருங்கள். சுவரில் மின்சாரத்தை அணைத்துப் போட்டால் என்ன ஆகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் திருப்பித் தரும் கெடு எத்தனை நாள் என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இதைச் செய்யலாம். குடும்ப நிகழ்ச்சியின் டிஸ்க் அங்கே ஓடாவிட்டால் உடனே பிளேயர்மீது பழி போட வேண்டாம். பதிவு செய்தவர் அந்த வட்டை முறையாக மூடி முடிக்காமல் கொடுத்திருந்தால் அவருடைய கருவியில் மட்டுமே ஓடும். எதற்கும், ஓடும் ஏதாவது ஒரு பழைய கருவியில் போட்டு, அந்த வாரமே அதைக் கணினியில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.